அப்ரோச் கிளியரன்ஸைப் பிழையின்றிப் புரிந்துகொள்வது எப்படி: புதிய விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

விமானம் இறங்கத் தொடங்கிய பிறகு விமானிக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நடக்கும் உரையாடலில் மிகுந்த எடை கொண்ட வாக்கியம் அப்ரோச் கிளியரன்ஸ்தான். ஒரு குறிப்பிட்ட ஓடுபாதைக்கென முன்பே வடிவமைத்து வெளியிடப்பட்ட வழிமுறையைப் பின்பற்றி வரலாம் என்ற அனுமதியே அது. ஓடுபாதையில் இறங்குவதற்கான அனுமதி வேறு. அது பின்னர் டவரிடமிருந்து தனியாக வரும். அப்ரோச் கிளியரன்ஸைச் சொல்லி முடிக்க ஐந்தாறு நொடிகள் போதும். ஆனால் அந்த நொடிகளில் விமானிகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டும், ஃபிளாப்பை இறக்கிக்கொண்டும், சரிபார்ப்புப் பட்டியலை வாசித்துக்கொண்டும், பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே பறந்துகொண்டும் இருப்பார்கள்; கட்டுப்பாட்டாளரோ அதே அலைவரிசையில் மேலும் பல விமானங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார். இரு தரப்பின் கவனமும் சிதறியிருக்கும் நேரத்தில்தான் இந்த வாக்கியம் பரிமாறப்படுகிறது.

உயிர்ச்சேதத்தில் முடிந்த தவறான புரிதல்களை எடுத்துப் படித்தால், அவற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்று உண்டு: இப்போது என்னைத் தரையிலிருந்து காப்பாற்றும் உயரம் எது, அதைத் தந்தவர் யார்? கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொள்கிறார் என்று விமானி எண்ணுகிறார்; அப்ரோச் வரைபடமான சார்ட்டைப் பார்த்து விமானி நடந்துகொள்வார் என்று கட்டுப்பாட்டாளர் எண்ணுகிறார். இருவரும் நல்லெண்ணத்தோடு ஒருவரையொருவர் நம்பியதால் நேர்ந்த விபத்துகள் உள்ளன. ஆகவே கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஐயமற்ற விடை பெறுவதை நோக்கமாகக் கொண்டவை. விமானி உரிமத்திற்குப் பயிற்சி பெறுபவர்களுக்காகவும், ரேடார் திரைக்கு முன் பயிற்சியைத் தொடங்கியுள்ள கட்டுப்பாட்டாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒவ்வொருவரும் மற்றவருக்கான பகுதியையும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: அனுமதி வருவதற்கு முன்பே சார்ட்டோடு தயாராக இருங்கள்

விமான நிலையத்தின் வானிலை, ஓடுபாதை விவரங்களைத் தொடர்ந்து சொல்லும் ஏடிஐஎஸ் ஒலிபரப்பில் எந்த அப்ரோச் பயன்பாட்டில் உள்ளது என்று கேட்டவுடன், அதற்குரிய சார்ட்டை எடுத்து நான்கு விவரங்களை உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள்: அப்ரோச்சின் முழுப் பெயர், அதன் தொடக்கப் புள்ளிகள், ஒவ்வொரு பகுதிக்கும் உரிய குறைந்தபட்ச உயரம், நீங்கள் வரும் திசைக்கான குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம். கடைசியாகச் சொன்ன இந்த உயரம் பொதுவாக 25 கடல் மைல் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி இடைவெளி வைத்துக் கணக்கிடப்படுவது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதில் ஐயம் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய உயரம் இது என்பதால், அனுமதி வரும் வேளையில் அது நினைவில் இருக்க வேண்டும்.

இந்தத் தயாரிப்பில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. "எக்ஸ்பெக்ட் ஐஎல்எஸ் அப்ரோச் ரன்வே டூ செவன்" என்று கட்டுப்பாட்டாளர் முன்கூட்டியே சொல்வது தகவல் மட்டுமே (ஐஎல்எஸ் என்பது ஓடுபாதையின் நேர்கோட்டையும் இறங்கு சரிவையும் வானொலி அலைகளால் காட்டும் முறை). அதைக் கேட்டு மனத்தில் ஒரு படம் வரைந்துகொண்ட விமானி, பின்னர் உண்மையான அனுமதியில் ஓடுபாதை மாறியிருந்தாலும், தான் எதிர்பார்த்ததையே கேட்டதாக நம்பிவிடுகிறார். காது எதிர்பார்ப்புக்கு அடிமைப்படுவது இயல்பு. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இதற்கு விலக்கல்லர். எதிர்பார்த்த அப்ரோச்சைத் தாளில் எழுதி, அனுமதி வந்த பிறகு மட்டும் அதற்கு நேராகக் குறியிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வாக்கியத்தைப் பிரித்துக் கேளுங்கள்

முழுமையான அப்ரோச் கிளியரன்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விமானம் ரேடார் வழிகாட்டுதலில் வடக்கிலிருந்து 4,000 அடியில் வருகிறது. ஓடுபாதை 27. கட்டுப்பாட்டாளர் சொல்கிறார்: "ஒன் ஃபைவ் மைல்ஸ் ஃப்ரம் டச்டவுன், டர்ன் ரைட் ஹெடிங் டூ ஃபோர் சீரோ, மெயின்டெய்ன் ஃபோர் தௌசண்ட் அன்டில் எஸ்டாப்ளிஷ்ட் ஆன் தி லோகலைசர், கிளியர்ட் ஐஎல்எஸ் அப்ரோச் ரன்வே டூ செவன்."

லோகலைசர் என்பது ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் அலை. இந்த வாக்கியத்தில் நான்கு செய்திகள் உள்ளன: நீங்கள் இருக்கும் இடம், திரும்ப வேண்டிய திசை, பிடித்திருக்க வேண்டிய உயரமும் அதன் எல்லையும், இறுதியாக அனுமதி. அமெரிக்காவில் பயிற்சி பெறும் கட்டுப்பாட்டாளர்கள் இதே வரிசையைத்தான் மனப்பாடமாகக் கற்கிறார்கள். நான்கில் எது விடுபட்டாலும் கேட்டுப் பெறும் உரிமை விமானிக்கு உண்டு. மூன்றாவது விடுபட்டால் கேட்பது கடமையாகிறது.

அந்த மூன்றாவது செய்தி விடுபட்டதால் நேர்ந்ததை அறியாமல் இந்தத் துறைக்குள் எவரும் நுழையக் கூடாது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 என்ற போயிங் 727 விமானம், வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் பலத்த பக்கவாட்டுக் காற்று வீசியதால் அருகிலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. 7,000 அடியில் பறந்துகொண்டிருந்த அதற்கு, ஓடுபாதையிலிருந்து சுமார் 44 கடல் மைல் தொலைவில் இருக்கும்போதே 12ஆம் ஓடுபாதைக்கான விஓஆர் டிஎம்இ (திசையையும் தொலைவையும் காட்டும் தரை வானொலி நிலையம்) அப்ரோச்சுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. எந்த உயரத்தை எதுவரை பிடித்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர் எதுவும் சொல்லவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதால், அப்ரோச்சின் தொடக்க உயரமான 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டனர். சார்ட்டில் ரவுண்ட் ஹில் என்ற புள்ளிவரை 3,400 அடி என்று குறிக்கப்பட்டிருந்ததை அவர்கள் கவனிக்காமல் இல்லை. அதைப் பற்றி விமானி அறையில் பேசவும் செய்தார்கள். ஆனாலும், தங்களை ரேடாரில் பார்த்துக்கொண்டிருப்பவர் அனுமதி தந்துவிட்டார் என்றால் இறங்குவதில் தவறில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் ஏறத்தாழ 1,670 அடி உயரத்தில் விமானம் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தனர்.

விசாரணையில் விமானிகள் தரப்பும் கட்டுப்பாட்டாளர்கள் தரப்பும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொண்டிருந்தது வெளிப்பட்டது. விசாரணை வாரியத்தின் உறுப்பினர்களாலேயே ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. அதன் பின் அமெரிக்க விதி தெளிவாக எழுதப்பட்டது: ரேடார் வழிகாட்டுதலிலோ வெளியிடப்படாத பாதையிலோ பறக்கும் விமானம், அப்ரோச் அனுமதி பெற்ற பிறகும், வெளியிடப்பட்ட பாதையின் ஒரு பகுதியில் நிலைபெறும்வரை கடைசியாக அளிக்கப்பட்ட உயரத்தையே பிடித்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை எந்த நாட்டில் பறந்தாலும் உங்கள் சொந்த விதியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உயரத்தின் எல்லையைச் சார்ட்டில் விரல் வைத்துக் காட்டுங்கள்

மேலே சொன்ன 27ஆம் ஓடுபாதை எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். சார்ட்டில் ஓடுபாதையிலிருந்து 13 கடல் மைலில் இடைநிலைப் புள்ளி ஒன்றும், அங்கிருந்து 2,500 அடி என்ற உயரமும் குறிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 14 மைலில் லோகலைசரைப் பிடித்துவிட்டீர்கள். ஊசி நடுவில் நிற்கிறது. இப்போது 2,500 அடிக்கு இறங்கலாமா?

"அன்டில் எஸ்டாப்ளிஷ்ட்" என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் நீங்கள் இன்னும் 13 மைல் புள்ளிக்கு வெளியே இருக்கிறீர்கள். லோகலைசர் அலை அந்த இடத்திலும் கிடைக்கிறது என்பது உண்மைதான்; சார்ட்டில் உள்ள 2,500 அடி அந்த இடத்துக்கு உரியதன்று. அங்கே கீழே மலை இருக்கிறதா, கோபுரம் இருக்கிறதா என்று அந்தச் சார்ட் உங்களுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. எனவே 4,000 அடியிலேயே தொடர்வதுதான் சரி. மூன்று பாகைச் சரிவில் கிளைடு ஸ்லோப் (ஐஎல்எஸ் காட்டும் இறங்கு பாதை) 4,000 அடியைச் சந்திக்கும் இடம் ஓடுபாதையிலிருந்து சுமார் 12.5 மைலில் வரும். அதுவரை உயரத்தைப் பிடித்திருந்து, கிளைடு ஸ்லோப் நடுவுக்கு வந்ததும் அதனோடு இறங்கினால், 2,500 அடிக்கு முன்கூட்டியே இறங்கும் தேவையே எழாது. இறங்கியே ஆக வேண்டும் என்றால், 13 மைல் புள்ளியைக் கடந்த பிறகு இறங்குங்கள்.

நிலைபெறுதல் என்பதற்கும் அளவு உண்டு. சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் வரையறைப்படி, ஐஎல்எஸ், விஓஆர் ஆகியவற்றில் ஊசி முழு விலகலில் பாதிக்குள் வந்திருக்க வேண்டும். என்டிபி எனும் எளிய வானொலி வழிகாட்டி என்றால் உரிய திசையிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்க வேண்டும். ஊசி அசையத் தொடங்கியதைக் கண்டு "எஸ்டாப்ளிஷ்ட்" என்று சொல்லிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் உங்கள் உயரத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், அந்தச் சொல்லை உண்மையாகும் வரை சொல்லாதீர்கள்.

இதே சிக்கலைத் தவிர்க்கத்தான் பிரிட்டனில் நீண்ட காலம் வேறு சொல்முறை வழங்கி வந்தது. ஐஎல்எஸ் அப்ரோச்சுக்கு அனுமதி என்று பொதுவாகச் சொல்லாமல், லோகலைசரில் நிலைபெற்ற பிறகு ஐஎல்எஸ் வழியே இறங்குக என்று இறக்கத்துக்கான நிபந்தனையையே வெளிப்படையாகச் சொல்வார்கள். அனுமதி என்ற சொல்லைக் கேட்டவுடன் விமானி சார்ட்டின் மிகக் குறைந்த உயரத்துக்கு இறங்கிவிடக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அது நியாயமான அச்சம்தான்.

நான்காம் படி: எண்களைத் தனியாகச் சரிபாருங்கள்

1989 பிப்ரவரி 19 அன்று ஃபிளையிங் டைகர் 66 என்ற போயிங் 747 சரக்கு விமானம், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 33ஆம் ஓடுபாதைக்கான என்டிபி அப்ரோச்சுக்கு அனுமதி அளித்த கட்டுப்பாட்டாளர், உயரத்தை "டிசெண்ட் டூ ஃபோர் சீரோ சீரோ" என்று சொன்னார். அவர் குறிப்பிட்டது 2,400 அடி. முதலில் வந்த "டூ" என்ற ஒலியை ஆங்கிலத்தின் "வரை" என்ற பொருளில் எடுத்துக்கொண்ட விமானி, "ஓகே, ஃபோர் சீரோ சீரோ" என்று பதில் சொன்னார். அது 400 அடி. கட்டுப்பாட்டாளர் அந்தப் பதிலைத் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் இறக்கம் நிற்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

பாதுகாப்பு அரண்கள் எத்தனை இருந்தன என்று பாருங்கள். "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்" என்று சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. விமானி "ஆல்டிட்யூட்", "ஃபீட்" என்ற சொற்களையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லியிருந்தால் கட்டுப்பாட்டாளரின் காதில் அது இடறியிருக்கும். கருவி பார்த்து வரும் அப்ரோச்சின் தொடக்கத்தில் 400 அடி என்பது எந்தச் சார்ட்டிலும் இருக்க முடியாத எண் என்று ஒருவராவது நிறுத்திக் கேட்டிருக்கலாம். முதல் படியில் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தை நினைவில் வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்: காதில் விழும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விமானி அறைக்குள்ளேயே வேறோர் எண் இருக்க வேண்டும்.

உயரத்தைப் போலவே, உயரமானியில் பதிக்கும் காற்றழுத்த அளவும் ஆபத்தானது, ஏனெனில் உயரமானி காட்டும் ஒவ்வோர் எண்ணும் அதையே நம்பியிருக்கிறது. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஏ320 விமானத்துக்கு, க்யூஎன்எச் எனப்படும் அந்த அழுத்த அளவு 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று கட்டுப்பாட்டாளர் தவறாகச் சொல்லிவிட்டார். விமானிகள் 1011 என்றே திருப்பிச் சொல்ல, அதுவும் சரி என்று கடந்துபோனது. பத்து ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு ஏறத்தாழ 280 அடிக்குச் சமம். அவர்கள் பின்பற்றியது உயரமானியை நம்பி இறங்கும் வகை அப்ரோச் என்பதால், பாதை முழுவதும் அந்த அளவுக்குத் தாழ்ந்தே இருந்தது; கருவிகளோ எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டின. மழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாததால் மேலெழும்பத் தொடங்கிய விமானம், ஓடுபாதைக்கு முன்னாலேயே, தரையிலிருந்து வெறும் 6 அடி உயரம்வரை வந்துவிட்டது. கட்டுப்பாட்டாளர் சொன்ன அளவை ஏடிஐஎஸ்ஸில் கேட்டு எழுதிய அளவோடு ஒப்பிடுவது இரண்டு நொடி வேலை. இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே கேளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில நாடுகளில் அழுத்தம் அங்குலப் பாதரசத்திலும் பிற நாடுகளில் ஹெக்டோபாஸ்கலிலும் சொல்லப்படுகிறது. "நைன் நைன் டூ" என்று மட்டும் கேட்டால் 992 ஹெக்டோபாஸ்கலா, 29.92 அங்குலமா? முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொண்டால் விமானம் ஏறத்தாழ 600 அடி தாழ்ந்து பறக்கும். அலகையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்துவதே இதற்குத் தீர்வு.

ஐந்தாம் படி: அனுமதி போல ஒலிப்பவற்றை அனுமதியிலிருந்து பிரித்தறியுங்கள்

லோகலைசரைப் பிடிக்கச் சொல்வது, அப்ரோச்சுக்கான அனுமதியாகாது. "இன்டர்செப்ட் லோகலைசர்" என்று மட்டும் சொல்லப்பட்டால், பக்கவாட்டில் அந்தக் கோட்டைப் பின்பற்றலாமே தவிர, கிளைடு ஸ்லோப் நடுவுக்கு வந்தாலும் இறங்கக் கூடாது. ஆட்டோபைலட்டில் அப்ரோச் பட்டனை முன்கூட்டியே அழுத்தி வைத்தால் விமானம் தானாகவே இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், அனுமதி வரும்வரை லோகலைசர் பட்டனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிளைடு ஸ்லோப் நெருங்கியும் அனுமதி வரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். அலைவரிசை நெரிசலில் கட்டுப்பாட்டாளர் மறந்திருக்கக்கூடும்.

எந்த அப்ரோச் என்று பெயர் குறிப்பிடாமல் "கிளியர்ட் அப்ரோச்" என்று மட்டும் சொல்லப்பட்டால், அமெரிக்க நடைமுறையில் அந்த விமான நிலையத்துக்கு வெளியிடப்பட்ட எந்த வழிமுறையையும் விமானி தேர்ந்தெடுக்கலாம். புதியவர்கள் இந்தச் சுதந்திரத்தை அப்படியே பயன்படுத்தாமல், எதைப் பின்பற்றப்போகிறோம் என்று கட்டுப்பாட்டாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கண்ணால் பார்த்து இறங்கும் விஷுவல் அப்ரோச் அனுமதியில் மாறுவது பொறுப்பு. முன்னால் செல்லும் விமானத்தைக் கண்டு அதைப் பின்தொடர்வதாக ஒப்புக்கொண்டால், அதனோடு உள்ள இடைவெளியையும் அதன் காற்றுச் சுழலையும் பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அமெரிக்க நடைமுறையில் அதற்கென வரையறுக்கப்பட்ட மிஸ்டு அப்ரோச் (இறங்க முடியாதபோது மேலெழும்பிச் செல்லும்) பாதையும் கிடையாது. உண்மையாகவே கண்ணில் படாத ஒன்றைப் பார்த்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். இரவில் நகர விளக்குகளுக்கு நடுவே பார்த்தது எந்த விமானம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, ஐஎல்எஸ்ஸிலேயே தொடர விரும்புவதாகச் சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை.

வேகத்திலும் ஒரு நாட்டு வழக்கம் இன்னொரு நாட்டில் செல்லாது. அமெரிக்காவில், மறுபடி சொல்லப்படாவிட்டால், அப்ரோச் கிளியரன்ஸ் முன்பு விதித்த வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று கொள்ள முடியாது.

இந்த வரிசையில் மிகவும் துயரமானது "கிளியர்ட் டு" என்ற சொல்லால் விளைந்த குழப்பம். 1995 டிசம்பர் 20 இரவு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, கொலம்பியாவின் கலி நகரை நெருங்கியபோது, கலி விஓஆர்வரை அனுமதி என்றும், வழியில் துலுவா விஓஆரில் தெரிவிக்கும்படியும் கட்டுப்பாட்டாளர் சொன்னார். குறிக்கப்பட்ட பாதை வழியே கலிவரை வரலாம் என்பது அதன் பொருள். விமானியோ கலிக்கு நேராகச் செல்ல அனுமதி கிடைத்ததாகத் திருப்பிச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் "அஃபர்மேட்டிவ்" என்றார். நேர்ப்பாதையைக் கணினியில் பதிந்தவுடன், இடையில் இருந்த துலுவா உட்பட எல்லாப் புள்ளிகளும் திரையிலிருந்து நீங்கிவிட்டன. பின்னர் ஓடுபாதையும் மாறி, ஒரு வழிகாட்டுப் புள்ளியைத் தேடி உள்ளிட்டபோது கணினி விமானத்தை வேறு திசைக்குத் திருப்ப, மலையில் மோதி 159 பேர் இறந்தனர். நால்வர் மட்டுமே பிழைத்தனர். விமானிகளின் கேள்விகள் பொருத்தமில்லாமல் இருப்பதைக் கட்டுப்பாட்டாளர் உணர்ந்திருந்தார். அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. சொல்முறை வாக்கியங்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், ஏதோ பிசகுகிறது என்று எளிய வாக்கியத்தில் சொல்லவும் இரு தரப்பும் பயில வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆறாம் படி: முழுமையாகத் திருப்பிச் சொல்லுங்கள், முழுமையாகக் கேளுங்கள்

ஓடுபாதை, உயரம், திசை, வேகம், அழுத்த அளவு ஆகியவற்றை விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஐகாவோ விதி. அப்ரோச்சின் பெயரையும், உயரத்துக்கு விதிக்கப்பட்ட எல்லையையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். "ரோஜர்" என்ற சொல் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதை மட்டுமே குறிக்கிறது. புரிந்தது என்றோ, அதன்படி நடப்பேன் என்றோ அதற்குப் பொருளில்லை. அப்ரோச் அனுமதிக்கு அதைப் பதிலாகச் சொல்லவே கூடாது. அழைப்புக்குறியை விடாமல் சொல்லுங்கள். ஒலியில் நெருங்கிய அழைப்புக்குறி கொண்ட இன்னொரு விமானம் அதே அலைவரிசையில் இருந்தால், உங்களுக்குரிய அனுமதியை அவர்கள் எடுத்துக்கொள்ளவும் கூடும்.

வானொலியில் பேசாத விமானி, பேசிய விமானி திருப்பிச் சொன்னதைத் தாம் கேட்டதோடு ஒப்பிட வேண்டும். இருவரும் வெவ்வேறாகக் கேட்டிருந்தால், இருவரில் மூத்தவர் கேட்டதே சரி என்று முடிவு செய்துவிடாமல், கட்டுப்பாட்டாளரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கட்டுப்பாட்டாளரின் பங்கு இங்கே இன்னும் கடினமானது. அனுமதியைச் சொல்லி முடித்தவுடன் மனம் அடுத்த விமானத்துக்குத் தாவிவிடுகிறது. திருப்பிச் சொல்வது பின்னணி ஒலியாகக் கடந்துபோகிறது. சுபாங், பாரிஸ், கலி மூன்றிலும் விமானியின் பதில் கட்டுப்பாட்டாளரின் காதுக்கு எட்டியது. ஆகவே பதிலைக் கேட்கும்போது, நீங்கள் சொன்ன வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடாமல், விமானத்தின் விவரம் எழுதிய காகிதப் பட்டையிலோ திரையிலோ பதிந்த எண்ணின் மீது கண்ணை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பிழை கண்டால் பிழையான எண்ணை மீண்டும் உச்சரிக்காமல், "நெகட்டிவ்" என்று தொடங்கி, சரியான எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

ஏழாம் படி: ஐயம் எழுந்தால் முதலில் இறக்கத்தை நிறுத்துங்கள்

உயரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு பேசுங்கள். பேசி முடித்த பிறகு இறங்கிக்கொள்ளலாம். "கன்ஃபர்ம் கிளியர்ட் ஐஎல்எஸ் அப்ரோச் ரன்வே டூ செவன்?" என்பது போன்று ஆம் அல்லது இல்லை என்று விடை வரக்கூடிய கேள்வியைவிட, "சே அகெய்ன் ஆல்டிட்யூட்" என்று எண்ணையே மறுபடி சொல்ல வைக்கும் கேள்வி பாதுகாப்பானது. முன்னதற்கு அவசரத்தில் "அஃபர்ம்" என்ற பதில் கிடைத்துவிடும். கலியில் நடந்ததும் அதுதான்.

அனுமதி தாமதமாக வந்து விமானம் கிளைடு ஸ்லோப்புக்கு மேலே நிற்கும் நிலையில், அதை மேலிருந்து துரத்திப் பிடிக்க முயல்வதைவிட "அனேபிள்" (இயலாது) என்று சொல்லி மறுபடி வழிகாட்டுதல் கேட்பது சிறந்தது. மேலே பொய்யான கிளைடு ஸ்லோப் அலைகளும் உண்டு. ஆட்டோபைலட் அவற்றைப் பிடித்துக்கொண்டால் விமானம் எதிர்பாராத வகையில் நடந்துகொள்ளும். தரை எச்சரிக்கைக் கருவி ஒலித்தால், மேகத்திலோ இருளிலோ காரணம் ஆராயாமல் உடனே மேலெழும்புங்கள். அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களுக்கு இந்தக் கருவி கட்டாயமாக்கப்பட்டதே டிடபிள்யூஏ 514 விபத்துக்குப் பின்தான்.

எட்டாம் படி: கட்டுப்பாட்டாளருக்கு மட்டும்

சொல்முறை சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் குழப்பம் விளையும். வெகு தொலைவில் இருக்கும் விமானத்துக்கு, இடையே எந்தெந்த உயரங்கள் என்று சொல்லாமல் அப்ரோச் அனுமதி தராதீர்கள். ஒரே மூச்சில் திசை, உயரம், வேகம், அழுத்தம், அனுமதி, அடுத்த அலைவரிசை என ஆறு செய்திகளைச் சொன்னால், அவற்றில் ஒன்று நிச்சயமாகத் தவறும். அழுத்த அளவையும் வேகத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அனுமதி வாக்கியம் தனியாக நிற்கும். ஓடுபாதையைக் கடைசி நேரத்தில் மாற்றும்போது, அங்கே இரண்டு பேர் கணினியை மாற்றி, சார்ட்டை மாற்றி, மறுபடி கலந்து பேச வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் மறு பேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: நடந்ததை எழுதிக் கொடுங்கள்

டிடபிள்யூஏ 514 விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன், வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே டல்லஸ் அப்ரோச்சில் அதே தவறான புரிதலோடு தாழ இறங்கி, விபத்தின்றித் தப்பியிருந்தார்கள். அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அச்செய்தி பிற நிறுவனங்களைச் சென்றடைய அன்று வழியிருக்கவில்லை. இந்தக் குறையை நீக்க 1976இல் நாசாவின் பொறுப்பில் வான்பயணப் பாதுகாப்பு அறிக்கை முறை தொடங்கப்பட்டது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் அனுப்பும் அறிக்கைகளில் இருந்து பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டே அவை பகிரப்படுகின்றன. பிரிட்டனிலும் இதே நோக்கத்தில் 1982 முதல் ஒரு முறை இயங்கி வருகிறது. உங்கள் நாட்டிலும் நிறுவனத்திலும் எந்த வழி உள்ளது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அறிக்கையில் எழுத வேண்டியவை: நீங்கள் கேட்ட சொற்கள் அப்படியே, நீங்கள் திருப்பிச் சொன்ன சொற்கள், அந்த நொடியில் இருந்த உயரமும் இடமும், எந்தச் சார்ட் எந்தப் பதிப்பு, அலைவரிசையில் நெரிசல் இருந்ததா, விமானி அறையில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பவை. யார் தவறு என்ற தீர்ப்பு அதில் வேண்டாம். கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவு குறைந்தது 30 நாட்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது ஐகாவோ விதி. ஆனால் விமானத்தில் உள்ள குரல் பதிவுக் கருவிகள் பலவற்றில் கடைசி இரண்டு மணி நேரம் மட்டுமே தங்கும், நினைவோ அதைவிட வேகமாகத் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும். விமானத்தை நிறுத்தி எஞ்சினை அணைத்தவுடன், மற்றவரோடு அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, இருவரும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.